மூன்று ஒன்று, மூன்று பூஜ்யம்

433 மெகாஹெர்ட்ஸ் ரிசீவர்களில் மலிவான ஒன்றை எடுத்து, எதையும் அனுப்பாமல், அதன் டேட்டா பின்னை ஆசிலாஸ்கோப்பில் பாருங்கள். கொந்தளித்துக்கொண்டிருக்கும். சிக்னல் இல்லாதபோது ரிசீவர் தன் கெயினை ஏற்றிக்கொண்டே போய், வெறும் இரைச்சலையே பிட்டுகளாகக் கொட்டும். அதை நேரே ஆர்டுயினோவின் சீரியல் போர்ட்டில் இணைத்தால் குப்பை எழுத்துகள்தான் வரும். மாட்யூலைப் பழிப்பது நியாயமில்லை. சீரியல் போர்ட் கம்பிக்காகப் பிறந்தது. லைன் சும்மா இருக்கும் என்று நம்பி, முதல் சரிவையே ஸ்டார்ட் பிட்டாக எடுத்துக்கொள்ளும்.

இதற்கு மைக் மெக்காலி எழுதிய விர்ச்சுவல்வயர் நிரலில் இருக்கும் விடை, எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காதது. ஒரு பைட்டை நான்கு நான்கு பிட்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியையும் ஆறு பிட்டாக மாற்றி அனுப்புகிறது. அந்த ஆறில் எப்போதும் மூன்று ஒன்று, மூன்று பூஜ்யம். பூஜ்யங்களே தொடர்ந்து வந்தால் ரிசீவர் எது ஒன்று, எது பூஜ்யம் என்று பிரிக்கும் எல்லை நகர்ந்துவிடும். சரிபாதியாக வந்தால் நடுவிலேயே நிற்கும். ஆறு இடங்களில் மூன்று ஒன்றுகளை 20 விதமாக வைக்கலாம். தேவைப்படுவது 16.

மீதி நான்கில் ஒன்று எங்கே போனது என்று பார்த்தபோதுதான் எனக்கு மெய்சிலிர்த்தது. ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் ஒன்றும் பூஜ்யமும் மாறி மாறி 36 பிட் போகும். கச்சேரிக்கு முன் சுருதி சேர்ப்பதுபோல, ரிசீவரின் கெயினும் கடிகாரமும் அதில்தான் நிலைக்கு வருகின்றன. பிறகு 12 பிட் தொடக்கக் குறி, காற்றில் போகும் வரிசையில்: 000111001101. மூன்று மூன்று, இரண்டு இரண்டு, ஒன்று ஒன்று! அதன் முதல் பாதி, எந்தத் தரவுக்கும் ஒதுக்காமல் மீந்த அந்த நான்கில் ஒன்று.

வாங்கும் பக்கமும் அழகுதான். ஒரு பிட்டை எட்டு முறை பார்த்து, ஐந்து முறையாவது ஒன்று தெரிந்தால்தான் அதை ஒன்று என்று ஏற்கும். ஒவ்வொரு பார்வைக்கும் கணக்கு 20 கூடி, 160 ஆனதும் ஒரு பிட் முடியும். ஒன்றுக்கும் பூஜ்யத்துக்கும் இடையிலான மாற்றம் பிட்டின் முன்பாதியில் தெரிந்தால் 20-க்குப் பதில் 11, பின்பாதியில் தெரிந்தால் 29. அனுப்புகிறவரின் வேகத்தைப் பிடிக்க இந்த மூன்று எண்கள் போதும்.

சிஆர்சி என்னும் பிழைச் சோதனை எண் பொருந்தாத செய்தியை விர்ச்சுவல்வயர் கைவிடும், மறுபடி கேட்காது. முக்கியமானதை நாமே திரும்ப அனுப்ப வேண்டும். இதற்குப் பிறகும் செய்தி தவறினால் ஆன்டெனாக் கம்பி 17.3 சென்டிமீட்டர் இருக்கிறதா, பவர் சப்ளை சுத்தமா என்று பாருங்கள். ஆர்டுயினோ ஊனோவில் சர்வோ மோட்டாரும் ஓடினால் முதலில் டைமர் 1-ஐச் சந்தேகியுங்கள். சர்வோ நிரலும் விர்ச்சுவல்வயரும் கேட்பது அதே டைமரைத்தான்.