பட்டா யார் பெயரில்?

சிறு வியாபாரிக்கு ஆலோசனை சொல்ல வருபவர் யாராக இருந்தாலும் பேச்சு ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது: "முதல்ல ஒரு வெப்சைட் போடுங்க அண்ணாச்சி." பயிற்சி முகாமில் சொல்கிறார்கள், மதுரையிலிருந்து பைக்கில் வரும் டிசைனர் சொல்கிறார், இன்ஜினியரிங் முடித்த அண்ணன் மகனும் சொல்கிறான். விருதுநகர் மாவட்டத்துக் காரியாபட்டி கடைத்தெருவை மனதில் வைத்து யோசித்தால் இதில் பாதி நல்ல யோசனை, மீதி வெறும் பகட்டு.

யோசனை புதிதல்ல. 2011 நவம்பரிலேயே கூகுள், ஹோஸ்ட்கேட்டர் என்ற நிறுவனத்துடன் சேர்ந்து, இந்தியச் சிறு தொழில்களுக்கு டாட் இன் முகவரியோடு ஓராண்டு இலவச இணையதளம் தருவதாக அறிவித்தது. இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தை யார் கட்டுவது என்ற கேள்வி அப்போதே பிறந்துவிட்டது. 2017 ஜனவரியில் டெல்லிக்கு வந்த கூகுள் தலைவர் சுந்தர் பிச்சை (பிறந்தது நம் மதுரையில்தான்) அடுத்த திட்டத்தை அறிவித்தார். கம்ப்யூட்டர் வேண்டாம், போன் போதும். கடை விவரத்தை நிரப்பினால் தளம் தானே உருவாகிவிடும், காசும் கிடையாது. ஏழு ஆண்டு ஓடியது. 2024 மார்ச்சில் அந்தத் தளங்களை மொத்தமாக நிறுத்தினார்கள். பழைய முகவரிக்குப் போனவர்களை ஜூன் வரை கடையின் கூகுள் பக்கத்துக்குத் திருப்பி விட்டார்கள். பிறகு அதுவும் இல்லை. அந்த முகவரியை நம்பி விசிட்டிங் கார்டும் துணிப்பையும் அச்சடித்தவர்களின் செலவு அவர்கள் தலையில்.

ஆனால் அந்தத் திட்டத்தோடு ஒட்டியிருந்த கூகுள் மேப் பதிவு பிழைத்துக்கொண்டது. நம் பக்கத்துக்கு உண்மையில் பயன்படுவதும் அதுதான். மதுரை–தூத்துக்குடி நான்கு வழிச்சாலையில் போகிற கார்க்காரர் சாப்பாட்டுக்கோ பஞ்சருக்கோ ஊருக்குள் வண்டியைத் திருப்ப வேண்டுமென்றால் போன் காட்ட வேண்டும். கடையின் புள்ளி சரியான வாசலில் விழ வேண்டும், நம்பர் வேலை செய்ய வேண்டும், திறக்கும் நேரம் பொய்யாக இருக்கக் கூடாது. காரியாபட்டி என்ற பெயரை ஆங்கிலத்தில் ‘ஒய்’ சேர்த்தும் எழுதுகிறார்கள், சேர்க்காமலும் எழுதுகிறார்கள். போதாக்குறைக்கு வேதாரண்யம் பக்கம் ஒரு கரியாப்பட்டினம் வேறு இருக்கிறது. எனவே கடைப் பெயரைத் தமிழிலும் போட்டு மாவட்டத்தையும் குறிப்பிடுவது நல்லது. இந்தப் பதிவுக்குக் கூகுள் ஒரு பைசா வாங்குவதில்லை. "கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டாவிட்டால் உங்கள் கடை மேப்பிலிருந்து போய்விடும்" என்று போன் வந்தால் கட் செய்துவிடலாம்.

இனி விதை, உரக் கடை. புரட்டாசியில் ஒரு நல்ல மழை இறங்கினால் மறுநாளே பருத்தி விதைக்கும் மக்காச்சோள விதைக்கும் கூட்டம் வந்துவிடும். வருகிறவர் எல்லாம் அப்பா காலத்திலிருந்து அந்தக் கடைக்கு வருகிறவர். இணையத்தில் தேடி வருகிறவர் அல்ல. இந்தக் கடைக்கு வெப்சைட் போட்டுக் கொடுப்பது கடைக்காரர் பணத்தை வீணாக்குவது. நரிக்குடி, திருச்சுழிப் பக்கம் சீமைக்கருவேலக் கரி வாங்கி லாரி ஏற்றும் வியாபாரிக்கும் அப்படியே. அவருக்கு இன்றைய விலை சொல்லும் ஒரு போன் போதும்.

உரக்கடைக்காரருக்குக் கம்ப்யூட்டர் ஆலோசனையே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. அவருக்கு வேண்டியதைத்தான் யாரும் சொல்வதில்லை. கல்லாவுக்குப் பின்னால் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பில்லிங் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஸ்டாக், ஜிஎஸ்டி கணக்கு, அறுவடைக்குப் பிறகு தருவதாகச் சொல்லிப் போனவர்களின் பாக்கி எல்லாம் அதற்குள். அதில் விண்டோஸ் 10 ஓடினால் ஒரு சிக்கல்: அதற்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான பாதுகாப்பு அப்டேட் தருவது 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. அப்டேட் போடாத பழைய விண்டோஸில் புகுந்து ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது 2017 மே மாதத்து வான்னாக்ரை. பேக்கப் எடுக்கிறேன் என்பவரின் பென்டிரைவ் அதே கம்ப்யூட்டரிலேயே செருகிக் கிடக்கும். கரண்ட் போய்ப் போய் வந்து ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டால் இரண்டு வெள்ளாமைப் பாக்கி நினைவிலிருந்துதான் வசூலாக வேண்டும். வாரம் ஒரு காப்பி, அது வீட்டில் இருக்க வேண்டும். மாதம் ஒரு தடவை அந்தக் காப்பி திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதை விற்றுக் கமிஷன் பார்க்க வழியில்லை; அதனால்தான் எந்த முகாமிலும் இது காதில் விழுவதில்லை.

"வாட்ஸ்அப் இருக்கே, அது போதாதா?" என்பது எதிர்க்கட்சி வாதம். அதில் நியாயம் நிறைய. 2018-இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் சிறு கடைக்கென்றே செய்தது; டைப் அடிக்கத் தெரியாதவரும் குரலில் ஆர்டர் சொல்கிறார். ஆனால் 2021 அக்டோபர் 4 அன்று ஆறு மணி நேரம் போல அது உலகம் முழுக்கப் படுத்துக் கிடந்தது. கேட்காதவர்களுக்கெல்லாம் தீபாவளி ஆஃபரை மொத்தமாக அனுப்பினால் நம்பரையே முடக்கிவிடுவார்கள். பணம் வாங்கும் க்யூஆர் அட்டைக்கும் இதே கதி உண்டு: 2024-இல் பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கியின் மீது ரிசர்வ் வங்கி கை வைத்தபோது, அந்த வங்கிக் கணக்கில் பணம் வாங்கிய கடைக்காரர்கள் வேறு வங்கிக்கு மாற வேண்டியதாயிற்று.

இவை எல்லாம் புறம்போக்கில் போட்ட கொட்டகைதான். சொந்தப் பெயரில் வாங்கிய டொமைன் (இணைய முகவரி) மட்டுமே பட்டா நிலம், அதுவும் பட்டா நம் பெயரில் இருந்தால். பெரும்பாலும் டிசைனர் தன் இமெயிலில் பதிந்துவிடுகிறார். அவர் துபாய்க்குப் போனதும் கடையின் பெயரும் கூடவே போய்விடும். ஆண்டுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டி ஆகிற செலவு இது. கடைக்காரர் தன் இமெயில், தன் போன் நம்பர் கொடுத்துத் தானே வாங்கிவிட்டு, பிறகு டிசைனரைக் கூப்பிட வேண்டும்.

அப்படி வாங்க வேண்டியவர் யார்? முகம் தெரியாதவருக்கு விற்பவர். அருப்புக்கோட்டைக் காட்டன் புடவையைக் கோயம்புத்தூருக்கோ பெங்களூருக்கோ அனுப்புகிறவருக்குத் தளம் தேவை. அங்கே பேனரும் பாட்டும் வேண்டாம். வெயிலில் எடுத்த படம், விலை, சாயம் போகுமா போகாதா, பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பவை வேண்டும். தமிழ் யூனிகோடில் இருக்க வேண்டும். நம் டிடிபி கடைகளில் கல்யாணப் பத்திரிகை அடிப்பது பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில்; அதை அப்படியே தளத்தில் ஒட்டினால் புரியாத எழுத்துக் குவியலாக வரும். அதனால் டிசைனர் தமிழைப் படமாக்கிப் போட்டுவிடுகிறார். தேடுகிறவருக்கு அது சரியாக அகப்படுவதில்லை.

என் யோசனை, இந்த வேலையை வெளியூர் டிசைனரிடமிருந்து அந்த டிடிபி கடைக்காரருக்கே மாற்றலாம் என்பது. ஊரின் பில் புக்கும் விசிட்டிங் கார்டும் அவர் கையில்தான் அச்சாகின்றன. எந்தக் கடை நம்பர் மாறியது என்று அவருக்குத்தான் முதலில் தெரியும். வருடத்துக்கு ஒரு தொகை பேசி, மேப் விவரம், பேக்கப், டொமைன் புதுப்பித்தல் மூன்றையும் அவர் பார்த்துக்கொள்ளலாம். தடை ஒன்றுதான்: இப்போது எல்லாருடைய ஆதார் ஸ்கேனும் பாஸ்வேர்டும் அவர் டெஸ்க்டாப்பில் ஒரே ஃபோல்டரில் திறந்து கிடக்கின்றன. பயிற்சி முகாம் நடத்துகிறவர்கள் அந்த டெஸ்க்டாப்பிலிருந்து தொடங்கலாம்.