முடித்து வைக்கப்பட்டது

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் திருத்தணிக்குப் போயிருந்தேன். மலைமேல் மோட்டார் போகிறது. ஆனாலும் திருத்தணிக்குப் போனால் படியேறித்தான் போவது என்று எனக்கு ஒரு பிடிவாதம். ஆண்டின் நாட்களுக்குக் கணக்காக 365 படிகள் என்பார்கள். முன்பெல்லாம் ஒரு வருஷத்தை ஒரே மூச்சில் ஏறிவிடுவேன். இப்போது பாதி வருஷம் கடந்ததுமே முழங்கால் விடுமுறை கேட்கிறது. அன்றும் கேட்டது. ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு இரண்டு படி கீழே ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். வயது எழுபதுக்குக் குறையாது. மடியில் ஒரு பை. அதில் தேங்காய், பழம், கற்பூரம். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாலும் முகத்தில் ஒரு மலர்ச்சி. என் மூக்குக்கண்ணாடியைப் பார்த்ததும் பைக்குள் கையை விட்டு, நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தாள்.

"சாமி, கண்ணாடி போட்டிருக்கீங்க. இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. பேரன் படிச்சுட்டான். பணம் எந்த மாசத்திலேருந்து வரும்னு மட்டும் அவனுக்குச் சொல்லத் தெரியலே."

காகிதத்தைப் பிரிப்பதற்குள் கதை முழுவதையும் சொல்லிவிட்டாள். தறி நெய்த குடும்பம். வீட்டில் பேசுவது தெலுங்கு, வெளியில் பேசுவது தமிழ். அந்த வட்டாரத்தில் அது அதிசயமில்லை. கணவன் போய்விட்டான். தறியும் போய்விட்டது. முதியோர் உதவித்தொகைக்கு மனுக் கொடுத்து ஒன்றரை வருஷம் அலைந்தாள். கடைசியில் கடிதம் வந்தது. "முடிஞ்சுட்டுது" என்று பேரன் படித்துச் சொன்னான். காரியம் முடிந்தால் படியேறி வந்து தேங்காய் உடைப்பதாக வேண்டுதல். அதற்குத்தான் வந்திருக்கிறாள்.

நான் கடிதத்தைப் படித்தேன். எந்தக் காரியாலயத்துக் கடிதம் என்று சொல்லப்போவதில்லை. சொல்லவும் அவசியமில்லை. அந்த நடை எந்த ஒரு காரியாலயத்துக்கும் சொந்தமானதல்ல. 'பார்வை இரண்டில் காணும் அறிக்கையின் அடிப்படையில், தங்களது மனுவின் மீது மேல் நடவடிக்கை ஏதும் தேவையில்லை என முடிவு செய்யப்பட்டு, மனு முடித்து வைக்கப்பட்டது என்ற விவரம் இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது' என்று இருந்தது. அந்த அறிக்கை உடன் வைக்கப்படவில்லை.

பேரன் தப்பாகப் படிக்கவில்லை. 'முடித்து வைக்கப்பட்டது' என்றுதான் இருக்கிறது. 'நடவடிக்கை தேவையில்லை' என்றால், இனிமேல் நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று அவர்கள் அர்த்தம் செய்துகொண்டார்கள். வீட்டில் கல்யாணத்தை முடித்து வைத்தார்கள் என்றால் கல்யாணம் நடந்துவிட்டது என்றுதானே பொருள்? வழக்கை முடித்து வைத்தார்கள் என்றால் சமாதானம் ஆகிவிட்டது என்றுதானே பொருள்? மனுவை முடித்து வைத்தால் மட்டும் 'உனக்கு ஒன்றும் கிடையாது' என்று பொருள் என்பதை அந்தப் பையன் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பான்?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அந்த இடத்தில் எனக்குத் தைரியம் வரவில்லை. "மேலே போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வாருங்கள் அம்மா, சாவகாசமாகச் சொல்கிறேன்" என்றேன். அவள் ஏறினாள், தேங்காய் உடைத்தாள், விபூதியோடு இறங்கினாள். அடிவாரத்தில் ஒரு டீக்கடை பெஞ்சியில் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இல்லேன்னு சொல்றதுக்கா இத்தனை எழுத்து? அதைத் தமிழிலேயே எழுதியிருக்கலாமே, சாமி!"

இந்த வார்த்தை வேறு ஊரில் காதில் விழுந்திருந்தால் ஒரு வேடிக்கைப் பேச்சு என்று நினைத்திருப்பேன். விழுந்தது திருத்தணியில். தமிழிலே ஆட்சி நடக்க வேண்டும் என்று கேட்டு ஜனங்கள் சிறைக்குப் போன ஊர் அது.

பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் உண்ணாவிரதமிருந்து 1952 டிசம்பர் 15-ஆம் தேதி உயிர்விட்டார். 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் ஜில்லாவோடு சேர்ந்து திருத்தணியும் அந்தப் பக்கம் போய்விட்டது. ம.பொ.சிவஞானமும் அவருடைய தமிழரசுக் கழகமும் வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தினார்கள். உள்ளூரில் கே. விநாயகம் போன்றவர்கள் முன்னின்றார்கள். கடைசியில் படாஸ்கர் மத்தியஸ்தம் செய்தார். 1959-ல் பார்லிமெண்டு சட்டம் செய்தது. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. பதிலுக்குப் பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களிலிருந்து சில கிராமங்கள் ஆந்திராவுக்குப் போயின.

எதற்காக இத்தனை பாடு? மலைக்காக என்பார்கள், மானத்துக்காக என்பார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் மேடைப் பேச்சை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அடியில் இருந்த நியாயம் மிகவும் எளிமையானது. ஒரு சாதாரணப் பிரஜை சர்க்கார் கச்சேரிக்குப் போனால் தன் பாஷையில் கேட்கவேண்டும், தன் பாஷையில் பதில் பெறவேண்டும். ஆந்திர சகோதரர்கள் தனி மாநிலம் கேட்டதும் இதே நியாயத்தால்தான். இங்கே 1956-ல் ஆட்சிமொழிச் சட்டம் பிறந்ததும் இதே நியாயத்தால்தான். இத்தனைக்கும் பிறகு, அந்த மலையின் படியில் உட்கார்ந்துகொண்டு, தமிழ்க் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 'தமிழில் எழுதக்கூடாதா?' என்று ஒரு கிழவி கேட்கிறாள் என்றால், நாம் எல்லையை மீட்டோமே தவிர, எல்லையை மீட்ட காரணத்தை எங்கேயோ தவறவிட்டோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தனித்தமிழ் கடினம், அதனால்தான் ஜனங்களுக்குப் புரியவில்லை என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஒப்புக்கொள்ளமாட்டேன். தாசில்தார், ஜமாபந்தி, வக்கீல் என்பவையெல்லாம் பாரசீகத்திலும் அரபியிலும் பிறந்து நம்மிடம் வந்த வார்த்தைகள். படிக்காத குடியானவனுக்கும் அவை புரிகின்றன. வாழ்க்கையில் அடிபட்ட சொல் எந்த பாஷையிலிருந்து வந்தாலும் சொந்தச் சொல்தான். அந்த அம்மாளின் கடிதத்தில் இருந்த சொற்களில் ஒன்றுகூட அவளுக்குத் தெரியாத சொல் அல்ல. முடிவு, மனு, தேவை எல்லாம் தெரியும். தெரிந்த சொற்களையே சேர்த்து, தெரியாத ஒரு வாக்கியத்தைச் செய்திருக்கிறார்கள். கோளாறு சொல்லில் இல்லை. சொல்பவன் மறைந்துகொள்வதில் இருக்கிறது.

'செய்யப்பட்டது', 'வைக்கப்பட்டது', 'தெரிவிக்கப்படுகிறது' என்ற வினைகளைப் பாருங்கள். யார் முடிவு செய்தது? யார் முடித்து வைத்தது? யாருமில்லை! காற்றடித்துக் கதவு சாத்திக்கொண்டதுபோல் மனு தானாகவே முடிந்துவிட்டது. நம் வீட்டில் யாராவது, 'அத்தைக்குக் காபி கொடுக்கப்பட்டது' என்று பேசுகிறார்களா? 'நான் கொடுத்தேன்', 'அக்கா கொடுத்தாள்' என்றுதானே சொல்கிறோம்? இங்கிலீஷ்காரன் காலத்துக் கச்சேரிக் கடிதத்தின் எலும்புக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு, அதன்மேல் தமிழ்த் தோலைப் போர்த்தியிருக்கிறோம். துரை போய்விட்டார். துரையின் வாக்கியம் மட்டும் இன்னும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது.

குமாஸ்தாவைக் குறை சொல்வது சுலபம். நான் சொல்லமாட்டேன். அவருக்கு மேலே ஓர் அதிகாரி, அவருக்கு மேலே தணிக்கை, அதற்கும் மேலே கோர்ட்டு. 'நான் விசாரித்தேன், உங்களுக்குத் தகுதியில்லை என்று தீர்மானித்தேன்' என்று அவர் எழுதினால் நாளைக்கு அந்த 'நான்' அகப்பட்டுக்கொள்ளும். பழைய அச்சிலேயே வார்த்துவிட்டால் யாருக்கும் ஆபத்தில்லை. அதுவும் ஒரு தற்காப்புத்தான். ஆனால் சம்பளமும் பதவியும் சங்கமும் உள்ள ஒருவர் தம்மைக் காத்துக்கொள்வதற்காக, அவை எதுவுமே இல்லாத ஒரு கிழவியை இருட்டில் நிறுத்துவது எந்த தர்மத்தில் சேர்த்தி?

இது நமக்கு மட்டும் வந்த வியாதி அல்ல. பிரிட்டனில் நிதி இலாகா கேட்டுக்கொண்டதன் பேரில், சர் எர்னெஸ்ட் கவர்ஸ் என்ற அனுபவசாலியான அதிகாரி, உத்தியோகஸ்தர்கள் எளிய வார்த்தைகளில் எழுதுவது எப்படி என்று 1948-ல் ஒரு புத்தகமே எழுதினார். அமெரிக்காவில், பொதுமக்களுக்கு எழுதுவதைத் தெளிவாக எழுத வேண்டும் என்று 2010-ல் சட்டமே செய்தார்கள். வியாதியை அவர்கள் வியாதி என்று ஒப்புக்கொண்டார்கள். நாம் அதைக் கம்பீரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

நம் அரசியல் சாசனத்தை எழுதியவர்கள் இதைப்பற்றி யோசிக்காமல் இல்லை. 350-ஆம் ஷரத்து, ஒருவர் தம் குறையை மத்தியிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த பாஷையிலும் மனுவாகக் கொடுக்கலாம் என்கிறது. அருமையான உரிமை. பேச நாக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் பதில் எப்படி இருக்க வேண்டும் என்று அந்த ஷரத்து ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸ்களில் மனு வாங்குகிறார்கள். வாங்கியதற்கு நம்பர் கொடுக்கிறார்கள். எத்தனை மனுக்கள் முடிந்தன என்று கணக்கும் வைக்கிறார்கள். அந்தக் கணக்கில் இந்த அம்மாளின் மனுவும் 'முடிந்த' மனுதான். அவள் குறை முடிந்ததா என்று எழுதுவதற்கு அந்தப் பட்டியலில் கட்டம் இல்லை.

மறுநாள் நான் அவளுக்காகத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி ஒரு விண்ணப்பம் எழுதினேன். பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டினோம். அந்த அம்மாள் எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினாள். 'பார்வை இரண்டில்' உள்ள அந்த அறிக்கையின் நகல் வேண்டும், அவ்வளவுதான். 30 நாள் கெடு. 28-ஆம் நாள் நகல் வந்தது. பேரன் கைப்பேசியில் படம் பிடித்து எனக்கு அனுப்பினான்.

அறிக்கை நாலே வரி. விசாரிக்க வந்தவர் வந்த அன்று வீடு பூட்டியிருந்தது. அக்கம்பக்கத்தில் கேட்டதற்கு, 'நகரிக்கு மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள்' என்றார்கள். நகரி ஆந்திரத்தில் இருக்கிறது. ஆகவே, மனுதாரர் தற்போது ஆந்திர மாநிலத்தில் வசித்து வருகிறார்!

மகளுக்குப் பிரசவம் என்று பதினைந்து நாள் போய்விட்டு வந்தாளாம். பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் போய்ச் சேரும் ஊர். அந்தக் காரணத்தைக் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தால், ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டுபோய் அன்றைக்கே மறுத்திருப்பாள். இவள் நன்மைக்கென்று 1960-ல் மாற்றிப் போட்ட கோடு, இவள் வீட்டையும் மகள் வீட்டையும் வேறு வேறு ராஜ்யத்தில் வைத்தது. அதற்காக இவள் யாரையும் நோகவில்லை. அந்தக் கோடு தன் உதவித்தொகையில் குறுக்கிட்டதை யாரும் சொல்லவில்லையே என்பதுதான் அவள் குறை.

தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு நல்ல விதி இருக்கிறது. கேட்ட தகவலை மறுத்தால், மறுத்த காரணத்தைச் சொல்ல வேண்டும். எத்தனை நாளைக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று சொல்ல வேண்டும். யாரிடம் செய்வது என்றும் சொல்ல வேண்டும். 2005-ஆம் வருஷத்திலிருந்து இது சட்டம். தகவல் கேட்டவனுக்குக் காட்டும் இந்த மரியாதையைக் கஞ்சிக்குக் கேட்டவளுக்கும் காட்டினால் என்ன? 'தரமுடியாது. காரணம் இது. இது தவறு என்றால் இன்னாரிடம் இத்தனை நாளைக்குள் போய்ச் சொல்லுங்கள்.' மூன்றே வாக்கியம். இதற்குப் பெரிய கமிஷன் வேண்டாம், புதிய இலாகா வேண்டாம். சர்க்காருக்கு ஒரு காசு செலவில்லை.

தேர்தல் வந்தால் மட்டும் நம் அரசியல்வாதிகள் அந்த அம்மாளுக்குப் புரியும்படி எப்படிப் பேசக் கற்றுக்கொள்கிறார்கள்? அப்போது ஒரு செயப்பாட்டு வினையும் கிடையாது. 'நான் செய்வேன், நான் கொடுப்பேன்' என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் 'நான்' நிற்கிறது. ஓட்டுக் கேட்கும்போது வரும் அந்த 'நான்', இல்லை என்று சொல்லும்போதும் வரவேண்டும். அதுதான் ஜனநாயகம் என்பது என் அபிப்பிராயம்.

சூரனோடு போரிட்ட முருகன் கோபம் தணிந்து அமர்ந்த மலை என்பதால் அதற்குத் தணிகை என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். எனக்கும் அந்த மலையடிவாரத்தில் வந்த கோபம் இப்போது தணிந்துவிட்டது. ரேஷன் கார்டு நகலோடு அவள் புதிய மனுக் கொடுத்து இரண்டு மாதமாகிறது. போன வாரம் பேரன் டெலிபோனில் கூப்பிட்டான். கடிதம் வந்ததா என்று கேட்டேன்.

"வந்தது, ஐயா. 'பரிசீலனையில் உள்ளது'ன்னு போட்டிருக்கு. பாட்டி கேக்கச் சொல்லிச்சு: இது நல்ல வார்த்தையா, கெட்ட வார்த்தையா?"