படநூலும் பிள்ளையின் வீடும்

நம்மவர் பிள்ளைகட்கு எழுதப் புகுந்தபோது ஓசையையும் நீதியையுமே பெரிதும் எண்ணினர். படத்தை எண்ணியவர் சிலரே. ஆறுமுக நாவலரின் பாலபாடங்கள் தெளிந்த உரைநடையைத் தந்தன. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் ஆடிப்பிறப்பையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் பாட்டாக்கிப் பிள்ளைகளின் நாவில் நிலைபெறச் செய்தார். படநூலோ வேறொரு கலை. அதிற் பாதியைச் சொல் சொல்லும்; மீதியைப் படம் சொல்லும்; இரண்டும் சொல்லாது விட்டதைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும்.

குடும்பம் என்னும் பொருளில் நம் வகுப்பறைக்கு வரும் நூல்கள் பலவற்றைப் பாருங்கள். தந்தை சாய்மனைக் கதிரையிற் செய்தித்தாள் படிக்கிறார். தாய் அடுக்களையில் நிற்கிறாள். அண்ணன் ஒருவன், தங்கை ஒருத்தி. படம் பிழையன்று. ஆயின் குடும்பம் என்பது இஃது ஒன்றே என்று காட்டப்படுங்கால், அம்மம்மாவிடம் வளரும் பிள்ளையும், கடலுக்குப் போன தந்தை திரும்பாத பிள்ளையும் அப்பக்கத்தை எங்ஙனம் நோக்கும்? தீவகத்தில் அத்தகைய பிள்ளைகள் அரியரல்லர். வேற்றுமையை மதிப்போம் என்று படத்தின் அடியில் ஒரு வரி அச்சிடுவதாற் குறை தீராது.

லியோ லியோனி என்பார் 1959இல் அமெரிக்காவில் வெளியிட்ட, சின்ன நீலமும் சின்ன மஞ்சளும் பற்றிய நூல் இவ்விடத்து நினைக்கத்தக்கது. புகைவண்டியிற் பேரப்பிள்ளைகளை அமைதிப்படுத்தும் பொருட்டுச் சஞ்சிகைத் தாளைக் கிழித்து அவர் சொன்ன கதை அது. முகமில்லை, கைகாலில்லை, நிறத் துண்டுகளே மாந்தர். தோழர் இருவரும் தழுவிப் பச்சையாகி வீடு திரும்ப, பெற்றோர் தம் பிள்ளையல்லர் என்கின்றனர். அழுது அழுது நீலக் கண்ணீரும் மஞ்சட் கண்ணீருமாகிய பின்னரே பழைய உருப் பெறுகின்றனர். பெற்றோரும் பின்பு தழுவிப் பச்சையாகும்போதுதான் நடந்தது இன்னதென்று உணர்கின்றனர்.

இக்கதையை நிறக் கடதாசி கிழித்து இரண்டாம் வகுப்பிற் சொன்னேன். பெற்றோர் பிள்ளையை அறியாத இடத்தில் ஒரு சிறுமி எழுந்தாள். தந்தை கனடாவில் இருக்கிறார். “போனிலை பாக்கிற அப்பாவுக்கு, நேரை கண்டா என்னைத் தெரியுமோ சேர்?” என்றாள். தெரியும் என்றேன். அவள் உடனே அமரவில்லை. நிறவேற்றுமை பற்றிய நூலென்றே அதனை அதுகாறும் எண்ணியிருந்தேன். அதன் நடுவே வீடு பற்றிய அச்சம் ஒன்று இருப்பதைக் காட்டியவள் அவளே.

எனினும் அந்நூலில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நீலமும் மஞ்சளும் பச்சையானாற்றான் உணர்வு பிறக்கவேண்டுமா? நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோவிலும் நாகவிகாரையும் உள்ளன. இரு திறத்து அடியாரும் குறிகட்டுவானில் ஒரே துறையிற் படகேறுகின்றனர்; கரையிறங்கித் தத்தம் வழியிற் செல்கின்றனர். ஒருவர் மற்றவராவதில்லை. வேற்றுமை வேற்றுமையாகவே நின்று அயலாவதைக் காட்டும் நூலே எமக்கு அணுக்கமானது.

அதனைச் சிபில் வெத்தசிங்கவின் குடைத் திருடன் கதையிற் கண்டேன். சிங்களத்தில் 1956இல் வெளிவந்தது. மழைக்கு வாழையிலையும் சாக்கும் பிடிக்கும் சிற்றூருக்குக் கிரி மாமா பட்டினத்திலிருந்து குடை கொணர்கிறார். அது களவு போகிறது. மீண்டும் வாங்குகிறார், மீண்டும் களவு. ஈற்றில் அவையெல்லாம் ஒரு மரத்திற் தொங்கக் காண்கிறார். ஒன்றை மட்டும் கள்வனுக்கென விட்டு ஏனையவற்றைக் கொண்டு செல்கிறார். கள்வன் ஒரு குரங்கென்பது பின்னரே தெரிகிறது. குரங்கு மனிதனாகவில்லை, மாமா உபதேசிக்கவுமில்லை. தொங்கும் அவ்வொரு குடையே போதுமானது.

என் வகுப்பிற் கடைசி வாங்கிலிருந்த சிறுவனுக்கு அது போதவில்லை. “குரங்குக்கும் குட்டியள் இருக்குமெல்லோ சேர், ஒரு குடை காணுமோ?” என்று கேட்டான்.