வராதவனும் காத்திருந்தவளும்

இரண்டாம் உலகப் போரைத் தமிழர் வாழ்வோடு இணைத்துக் காட்டிய நாவல்களுள் தலையாயது ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. 1972இல் வெளிவந்த இந்நூலைப் பழைய தஞ்சை மாவட்டத்து முஸ்லிம் குடும்பங்கள் தனியொரு நோக்கோடு படித்தல் வேண்டும்.

காரணம் உண்டு. கூத்தாநல்லூர் முதலிய நம் ஊர்கள் பலவற்றிற்குப் பர்மாவும் மலாயாவும் அயல்நாடுகளாகத் தோன்றியதில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் கரையிறங்குவது வழக்கமான பயணமாயிருந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் புகுந்தனர். கப்பலும் கடிதமும் நின்றன. அக்கரைத் தமிழருள் பலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். பலர் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். திரும்பி வாராதோர் எத்துணையோ பேர்!

அவர்களை நினைவிற் கொள்ளும் முறையிலும் நீதி சமமாயில்லை. சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவகத்தில், அடக்கத்தலம் அறியப்படாத 24,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அதே நகரில், இந்திய தேசிய இராணுவத்தின் பெயரறியா வீரனுக்காக 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தையோ, மீண்டு வந்த ஆங்கிலேயர் அவ்வாண்டு செப்டம்பரிலேயே தகர்த்தெறிந்தனர். தகர்க்கப்பட்ட அக்கல்லின் இடத்தில் இன்று நிற்பது சிங்காரத்தின் எழுத்து எனலாம். அவர் பாண்டியனைத் தெய்வமாக்கவில்லை. ஆசையும் அறிவும் பிழையும் உடைய மனிதனாகவே நிறுத்துகிறார். இதுவே நாவலின் வெற்றி.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஊர் திரும்பாமலே பாண்டியன் அயல் மண்ணில் மடிகிறான். படிக்கும் நமக்கு அவன் முடிவு தெரியும். ஊரில் இருப்போருக்கு அதை அறிவிப்பவர் யார்? நாவலில் ஊர் அவனுடைய நினைவாகவே வருகிறது. அவனை நினைக்கும் ஊர் வருவதில்லை.

இலக்கியம் காணத் தவறிய அவ்வீட்டைச் சட்டம் கண்டிருக்கிறது என்பது வியப்பிற்குரியது. காணாமற்போனவர் பற்றி நம் ஃபிக்ஹு நூல்கள் தனியே பேசுகின்றன. மரணம் உறுதியாகாதவரை அவர் சொத்து பங்கு பிரிக்கப்படுவதில்லை. மனைவி இத்தா இருக்கவும் வழியில்லை. ஹனபி மத்ஹபின்படி அவள் காத்திருக்கவேண்டிய காலம் மிக நீண்டது. ஆகவே மாலிகி மத்ஹபின் கருத்தைத் தழுவி, நான்கு ஆண்டுகள் கணவனைப் பற்றிய தகவலே இல்லையெனில் மணவிலக்குக் கோரலாம் என 1939ஆம் ஆண்டு முஸ்லிம் மணவிலக்குச் சட்டம் வழி செய்தது. போர் மூண்ட அதே ஆண்டில் இச்சட்டம் பிறந்தமை எண்ணத்தக்கது.

நான்கு ஆண்டு என்று சட்டம் எண்ணிவிட்டது. அந்நான்கு ஆண்டில் எத்தனை குறுவை, எத்தனை சம்பா, எத்தனை பெருநாள் கடந்தன என்று எண்ண வேண்டியவன் எழுத்தாளன் அல்லனோ? தபால்காரர் வாசலைக் கடந்து போகும் ஒவ்வொரு பகலும், ஜனாஸாத் தொழுகைக்கும் வாய்ப்பின்றி மனத்துக்குள்ளேயே அடங்கிய துயரமும் எழுதப்படாமலே கிடக்கின்றன.

சிங்காரம் போனவனின் கதையைச் சொல்லிவிட்டார். காத்திருந்தவளின் கதை நம் வீடுகளில்தான் இருக்கிறது. நேரில் அறிந்த முதியோர் அருகிவிட்டனர். அவர்களிடம் கேட்டு வளர்ந்த மக்களும் பேரர்களுமாவது அதனை எழுத முன்வருவார்களாக!