‘தன்னிறைவு’ என்னும் பெயர்: லினக்ஸ் பொதிகள் குறித்த ஒரு மறுவாசிப்பு

லினக்ஸ் இயங்குதளங்களில் ஒரு செயலியை நிறுவ இன்று இரு வழிகள் பெருவழக்காக உள்ளன. டெபியன், ஃபெடோரா போன்ற வழங்கல்களின் பராமரிப்பாளர்கள் மூலநிரலைப் பெற்று, தம் வழங்கலின் பொது நிரலகங்களோடு பொருத்தித் தருவது ஒன்று. செயலிக்கு வேண்டிய நிரலகங்களையும் உடன்கட்டித் தரும் ஸ்னாப், பிளாட்பேக், ஆப்இமேஜ் ஆகியன மற்றொன்று. பின்னதைத் ‘தன்னிறைவுப் பொதி’ என்கிறோம். அப்பெயர் பொருந்துமா என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

இதுபற்றிய விவாதங்கள் பெரும்பாலும் வட்டில் பிடிக்கும் இடம், தொடங்கும் வேகம் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. அவை காலப்போக்கில் சீர்படக்கூடியவை. பிழை நேரும்போது திருத்தும் பொறுப்பு யாருடையது என்பதே அடிப்படை வேறுபாடு. 2023 செப்டம்பரில் லிப்வெப்பி என்னும் பட நிரலகத்தில் கடுமையான பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. தீய நோக்கில் ஆக்கப்பட்ட ஒரு படத்தைத் திறப்பதே தாக்குதலுக்கு வழிவிடக்கூடியதாக இருந்தது. வழங்கலின் பொது நிரலகத்தைச் சார்ந்திருந்த செயலிகளுக்கு ஒரே திருத்தம் போதுமானதாயிற்று. தனி நகலைச் சுமந்தவை ஒவ்வொன்றாகத் திருத்தப்பட வேண்டியிருந்தன. உலாவி போன்ற பெருஞ்செயலிகள் வழங்கல்களிலும் தனி நகலைச் சுமப்பதுண்டு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் ஆக்குநரால் கைவிடப்பட்ட தன்னிறைவுப் பொதியில் பழைய நகல் அப்படியே கிடக்கும். சாதாரணப் பயனர் அதனை அறிவது அரிது.

பிளாட்பேக் இச்சிக்கலை ஓரளவு உணர்ந்தே, பல செயலிகள் பகிர்ந்துகொள்ளும் இயக்கச்சூழல்களை வைத்துள்ளது. பகிர்வு வந்தபின் தன்னிறைவு ஏது? ஸ்னாப்பிலோ சார்பு வேறிடத்தில் இருக்கிறது. அதன் அங்காடியை இயக்கும் வழங்கிநிரல் திறந்த மூலமன்று. கனோனிக்கல் நிறுவனத்தின் கையில் உள்ளது. உபுண்டு 20.04-இல் குரோமியம் உலாவியை ஆப்ட் கட்டளையால் நிறுவினாலும் வந்து சேர்ந்தது ஸ்னாப் பொதியே. அதே 2020-இல் வெளிவந்த லினக்ஸ் மின்ட் 20, ஆப்ட் வழியே ஸ்னாப் உள்நுழைவதை இயல்பமைப்பிலேயே தடுத்தது. அத்தடை மிகையானதன்று என்பதே என் கருத்து.

எனினும் பராமரிப்பாளரைப் புனிதராக்குவதும் பிழையே. 2006-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் டெபியன் செய்த ஒரு மாற்றம், மறைச்சாவிகளை ஆக்கும்போது தற்போக்கு எண்களை ஊகிக்கக்கூடியனவாக்கியது. 2008 மே மாதம் வரை அது வெளிப்படவில்லை. உபுண்டுவும் அப்பிழையை அப்படியே சுமந்தது. ஆக்குநரிடமிருந்து பயனருக்கு நேரே வரும் பொதியில் இத்தகைய இடையீட்டுக்கு இடமில்லை. நிலைத்த வழங்கலில் இருந்துகொண்டே புதிய பதிப்பைப் பெறவும் அது உதவுகிறது.

பிளாட்பேக் எனினும் கட்டுபவர் ஆக்குநராகவே இருப்பார் என்பதில்லை. ஃபெடோரா தானே கட்டி வழங்கிய ஓபிஎஸ் ஸ்டுடியோ பிளாட்பேக் பொதி பழுதுற்றிருந்தது. பயனர்களோ அச்செயலியின் ஆக்குநர்களிடம் முறையிட்டனர். 2025 பிப்ரவரியில் அப்பொதியிலிருந்து தம் பெயரையும் இலச்சினையையும் நீக்குமாறு ஆக்குநர்கள் கோரும் நிலை வந்தது. கட்டியவர் யார், உள்ளிருக்கும் நிரலகங்கள் எப்பதிப்பின என்பவற்றை நிறுவும் கணத்திலேயே பயனருக்குக் காட்டியிருந்தால், அம்முறையீடுகளுள் பல உரிய இடத்திற்கே சென்றிருக்கும்.