முதலிடம் பெறும் இசைத்தட்டு

விருப்பமான இசைத்தட்டுகளை வரிசைப்படுத்துவோர் பெரும்பாலும் கலைஞரின் புகழையே அளவுகோலாகக் கொள்வர். நாம் கொள்வது வேறு: கச்சேரியின் சுருக்கமாக அமையாமல், தட்டளவிலேயே முழுமை பெற்ற படைப்பாதல் வேண்டும். இவ்வகையில் 1967இல் உருவான ‘கால் ஆஃப் தி வேலி’யை முதலில் வைப்போம். சிவகுமார் சர்மாவின் சந்தூர், ஹரிபிரசாத் சௌரசியாவின் புல்லாங்குழல், பிரிஜ் பூஷண் காப்ராவின் கித்தார் மூன்றும் காஷ்மீர இடையன் ஒருவனின் ஒருநாள் வாழ்வைச் சித்திரிக்கின்றன. வைகறைக்கு ஆஹிர் பைரவ், இரவுக்குத் தேஸ். பொழுதுக்கேற்ற இராகம் என்னும் வடநாட்டு மரபே இங்குக் கதையாகிறது. ஆலாபனை விரிவில்லையெனக் குறை கூறுவாருளர், அது மெய்யே. ஆயினும் விரிவு குறைந்ததனாலன்றோ கதை சிதறாது நிற்கிறது! முல்லைக்கு மாலையும் குறிஞ்சிக்கு யாமமும் வகுத்த தமிழருக்கு இவ்விசை அயலானதன்று. வடபுலத்தில் வாழும் நம் வரிசை தமிழிசையோடு நின்றுவிடுதல் முறையாகாது.