கண்ணை மூடச் சொல்லும் குரல்

“கண்களை மூடுங்கள். உடலைத் தளர்த்துங்கள். நீங்கள் இங்கே பாதுகாப்பாக இருக்கிறீர்கள்.” யோகா வகுப்பில் ஆசிரியர் இப்படிச் சொன்னபோதுதான் என் உடல் இறுகத் தொடங்கியது. கதவு என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டது. ஒரு கை என் இடுப்பை அழுத்தி ஆசனத்தைச் சரிசெய்தது. நான் எதுவும் சொல்லவில்லை. பல வருடங்களுக்கு முன் ஓர் இரவில் எப்படி உறைந்துபோனேனோ அப்படியே உறைந்துபோனேன். வகுப்பு முடிந்ததும் ஆசிரியர் பாராட்டினார்: “இன்னிக்கு ரொம்ப அமைதியா இருந்தீங்க.”

அதற்குப் பிறகுதான் பெசல் வான் டெர் கோக் எழுதிய ‘தி பாடி கீப்ஸ் த ஸ்கோர்’ புத்தகத்தைப் படித்தேன். 2014-ல் வெளிவந்தது. வன்முறையின் அதிர்ச்சி நினைவில் மட்டும் தங்குவதில்லை, தசையிலும் மூச்சிலும் தங்குகிறது, ஆகவே பேசித் தீர்ப்பது மட்டும் போதாது என்பது அதன் வாதம். யோகாவுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது.

அமெரிக்காவில் பாஸ்டன் அருகே புரூக்லைனில் அவரது மையம் நடத்திய ஆய்வும் 2014-ல் வெளியானது. மற்ற சிகிச்சைகளால் குணமாகாத, நாள்பட்ட பி.டி.எஸ்.டி. பாதிப்புள்ள 64 பெண்கள் அதில் பங்கேற்றார்கள். ஒரு குழுவுக்கு 10 வாரம், வாரத்துக்கு ஒரு மணி நேரம் யோகா. இன்னொரு குழுவுக்குப் பெண்கள் உடல்நலம் பற்றிய வகுப்பு. முடிவில் யோகா குழுவில் 52 சதவீதம் பேர் அந்த நோயின் வரையறைக்குள் வரவில்லை. மற்ற குழுவில் அது 21 சதவீதம். சிறிய ஆய்வுதான், யோகாவும் அங்கே துணைச் சிகிச்சைதான். ஆனாலும் உதறித் தள்ளக்கூடிய முடிவல்ல.

ஆனால் அது எந்த யோகா? நான் போன வகுப்பில் இருந்த யோகா அல்ல. டேவிட் எமர்சன் அந்த மையத்தில் உருவாக்கிய முறையில் ஆசிரியர் யாரையும் தொடுவதில்லை. ‘கையைத் தூக்கு’ என்று கட்டளையிடுவதில்லை. ‘விருப்பமிருந்தால் கையைத் தூக்கிப் பார்க்கலாம்’ என்கிறார். செய்யலாம், பாதியில் நிறுத்தலாம், செய்யாமலும் இருக்கலாம். அங்கே சரியான ஆசனம் என்று ஒன்று கிடையாது. உடலில் என்ன உணர்கிறோம் என்று கவனிப்பதும், அதைக்கொண்டு அடுத்து என்ன செய்வதென்று தானே முடிவெடுப்பதும்தான் பயிற்சி.

என் விமர்சனம் இங்கேதான் தொடங்குகிறது. புத்தகம் யோகாவின் பலனை விளக்கும்போது இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கம், நரம்பு மண்டலம், உடலுக்குள் உணரும் திறன் என்று போகிறது. தவறில்லை. ஆனால் பாலியல் வன்முறை என்பது நரம்பு மண்டலத்தில் ஏற்பட்ட கோளாறு அல்ல. ஒருவர் இன்னொருவர் மீது செலுத்திய அதிகாரம். வேண்டாம் என்று சொல்லும் உரிமை பறிக்கப்பட்ட உடலுக்கு அந்த உரிமை திரும்பக் கிடைப்பதுதான் மருந்து. அந்த உரிமையை விட்டுவிட்டு ஆசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது இன்னொரு கட்டளை.

யோகாவுக்குள்ளேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. இன்று உலகமெங்கும் பரவியுள்ள ஆசனப் பயிற்சியின் ஒரு முக்கியக் கிளை, 1930-களில் மைசூர் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் பையன்களுக்கு நடத்திய வகுப்பிலிருந்து வந்தது. அவரது சீடர் பட்டாபி ஜோயிஸ், உடலைத் திருத்துகிறேன் என்ற பெயரில் தங்களைப் பாலியல்ரீதியாகத் தொட்டார் என்று பல மாணவிகள் வெளிப்படையாகச் சொன்னார்கள். அவர் இறந்தது 2009-ல். அவருடைய பேரன் ஷரத் ஜோயிஸ் பொதுவெளியில் மன்னிப்புக் கேட்டது 2019-ல். குருவின் கை தவறு செய்யாது என்ற நம்பிக்கையே இத்தனை வருட மௌனத்துக்குக் காவலாக இருந்தது.

தியானத்திலும் இதே ஆபத்து உண்டு. கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கும்போது சிலருக்கு அமைதி வரும். சிலருக்கு அந்த இரவு திரும்ப வரும். அப்படி வந்தால் ‘மனசு ஒருமுகப்படவில்லை’ என்று அவள் தலையிலேயே பழியைப் போடுகிறோம். ‘மன்னித்துவிடு, மனம் லேசாகும்’ என்று உபதேசமும் செய்கிறோம். ‘பொறுத்துப் போம்மா’ என்று வீட்டில் சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஜூடித் ஹெர்மன் 1992-லேயே ‘ட்ராமா அண்ட் ரிகவரி’ நூலில் தெளிவாகச் சொல்லிவிட்டார்: மீட்சியின் முதல் கட்டம் பாதுகாப்பு, மீள்பவளின் கையில் அதிகாரம் இருக்க வேண்டும். அடிப்பவன் அடுத்த அறையில் இருக்கும்போது மூச்சுப் பயிற்சி ஒருத்திக்கு அந்த நாளைக் கடக்க உதவலாம். ஆனால் அவளுக்கு முதலில் தேவை போக ஓர் இடம், கையில் கொஞ்சம் பணம், கூட நிற்க ஒரு ஆள்.

நான் யோகாவை விடவில்லை. வேறு வகுப்புக்குப் போகிறேன். சேரும் முன் மூன்று கேள்விகள் கேட்டேன்: என்னைத் தொடுவீர்களா? கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளலாமா? பாதியில் எழுந்து போனால் ஏன் என்று கேட்பீர்களா? முதல் கேள்வியிலேயே என் குரல் நடுங்கியது. இருந்தாலும் கேட்டு முடித்தேன். நீங்களும் கேளுங்கள். அந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் இடத்தில் பாயை விரிக்க வேண்டாம்.